சட்டாம்பிள்ளையும் மணல் பலகையும்
(மாணவரே மாணவருக்குச் சொல்லிக்கொடுத்த கதை)

கல்லூரி முதலாண்டில் கணக்கில் நான் வாங்கிய மதிப்பெண் பதினொன்று. நூற்றுக்குப் பதினொன்று. விடைத்தாளைக் கொடுத்த ஆசிரியர் வேறு ஒன்றும் சொல்லவில்லை. "ஸ்காலர்ஷிப் வந்துடுச்சாப்பா?" என்று மட்டும் கேட்டார். வகுப்பு முழுவதும் சிரித்தது. அவர் என்ன சொன்னார் என்பது அவருக்கும் தெரியும், சிரித்தவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் நான் சந்தேகம் என்று வாயைத் திறக்கவே இல்லை. சந்தேகம் கேட்டால் கோட்டாவில் வந்தவன் என்பது இன்னொரு முறை நிரூபணமாகிவிடும். கேட்காவிட்டால் ஃபெயில். இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பதுதான் நம்மில் பலருக்கு உயர்கல்வி.

இதைச் சொந்தக் கதையாகச் சொல்ல வரவில்லை. மாணவரே மாணவருக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாடு இன்று உலகத்துப் பல்கலைக்கழகங்களில் பெரிய முறையாக வளர்ந்திருக்கிறது. அதற்கென்று அலுவலகம், பயிற்சி, சம்பளம் எல்லாம் உண்டு. அந்த முறையின் வேர் ஒன்று சென்னை எழும்பூரில் இருக்கிறது, இன்னொன்று அமெரிக்கக் கறுப்பின மாணவர்களின் தோல்வியில் இருக்கிறது. இந்த இரண்டு வேரையும் பற்றி நமக்குச் சொல்ல ஆள் இல்லை. நமக்குச் சொல்லப்பட்டதெல்லாம் 'ரெமிடியல் கிளாஸ்' ஒன்றுதான்.

முதலில் எழும்பூர்.

1787-இல் ஆண்ட்ரு பெல் என்கிற ஸ்காட்லாந்துப் பாதிரியார் சென்னைக்கு வந்து சேர்ந்தார். 1789-இல் கம்பெனிப் படையினரின் அநாதைப் பிள்ளைகளுக்காக எழும்பூரில் தொடங்கப்பட்ட ஆண்கள் விடுதிப் பள்ளிக்கு அவர் மேற்பார்வையாளர் ஆனார். பிள்ளைகளின் தகப்பன்மார் வெள்ளைச் சிப்பாய்கள், தாய்மார் பெரும்பாலும் இந்தியப் பெண்கள். பெல்லுக்கு ஆசிரியர்கள் சரியாக அமையவில்லை. அந்த நேரத்தில் அவர் ஒரு தமிழ்த் திண்ணைப் பள்ளியைப் பார்க்கிறார். பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுத்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். தாள் வேண்டாம், மை வேண்டாம், அழிக்க ஒரு கை போதும். தன் பள்ளியிலும் இப்படிச் செய் என்று உதவி ஆசிரியரிடம் சொன்னார். அவருக்கு அது முடியவில்லை, அல்லது மனமில்லை. பெல் அவரை விட்டுவிட்டு ஜான் ஃப்ரிஸ்கன் என்கிற எட்டு வயதுச் சிப்பாய் மகனைக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் வேலையை ஒப்படைத்தார். பையன் செய்து காட்டினான். பிறகு பள்ளி முழுவதும் அப்படியே மாறியது. 1796-இல் ஊர் திரும்பிய பெல் 1797-இல் லண்டனில் இதைப் புத்தகமாக்கினார். அதற்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர் நின்றது. அவர் விட்டுச்சென்ற பணத்தில் அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்று பெயர்.

இந்தக் கதையைச் சொல்லி 'பார்த்தீர்களா, நம் திண்ணைப் பள்ளிதான் உலகத்துக்கே கல்வி கொடுத்தது' என்று மார் தட்டுகிறவர்கள் உண்டு. அவர்களிடம் நமக்கு ஒரு கேள்வி இருக்கிறது. யாருடைய திண்ணை அது?

திண்ணை என்பது ஊருக்குள் இருப்பது. சேரிப் பிள்ளை அந்தத் தெருவிலேயே நடக்க முடியாதபோது திண்ணையில் எப்படி ஏறும்? 1822-இல் தாமஸ் மன்றோ சென்னை மாகாணத்துப் பள்ளிகளைக் கணக்கெடுக்க உத்தரவிட்டார். 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று கணக்கு வந்தது. தரம்பால் 1983-இல் இந்த ஆவணங்களைத் தொகுத்து நூலாக வெளியிட்டபோது, மாணவர்களில் சூத்திரர்களே மிகுதி, ஆகவே அந்தக் காலத்துக் கல்வி பார்ப்பனர்களின் ஏகபோகம் அல்ல என்று ஒரு வாதம் எழுந்தது. இருக்கட்டும். அந்தப் பட்டியலின் கட்டங்களைப் பாருங்கள். பிராமணர், வைசியர், சூத்திரர், இதர சாதிகள், முஸ்லிம்கள். வெள்ளாளரும் சூத்திரர்தான். பறையர், பள்ளர், சக்கிலியர் என்று ஒரு கட்டமும் கிடையாது. 'இதர சாதி' என்கிற பொதுக் குப்பைக் கூடைக்குள் நம்மைத் தேடிக்கொள்ள வேண்டியதுதான். பஞ்சமர் பள்ளிகளுக்கென்று அரசு தனியாக உதவி அறிவித்தது 1893-இல். கர்னல் ஆல்காட் அடையாறு பக்கம் பஞ்சமர் இலவசப் பள்ளி தொடங்கியது 1894-இல். பெல் பார்த்த மணலுக்கும் நம் பிள்ளையின் விரலுக்கும் நடுவில் கிட்டத்தட்ட நூறு வருஷம் இருக்கிறது.

திண்ணைப் பள்ளியில் வாத்தியாருக்கு அடுத்த ஆள் சட்டாம்பிள்ளை. மூத்த மாணவன். அவன் முன்னால் சொல்ல மற்றவர்கள் பின்னால் சொல்லுவார்கள், முறை வைப்பது என்பார்கள். பாடம் கேட்பதும் அவன்தான், வராதவனைப் பிடித்து வருவதும் அவன்தான், கோதண்டம் போட ஆள் காட்டுவதும் அவன்தான். அடி விழாமல் தப்பிக்கப் பையன்கள் அவனுக்குத் தின்பண்டம் லஞ்சம் கொடுத்ததைப் பழைய தன்வரலாறுகளில் படிக்கலாம். இன்றைக்கும் நாட்டாமை பண்ணுகிறவனைப் பார்த்து 'என்னடா சட்டாம்பிள்ளைத்தனம்' என்கிறோம். ஒரு கற்பித்தல் முறை எப்படி அதிகாரமாகச் சீரழியும் என்பதற்கு இந்த ஒரு சொல்லே சாட்சி. சொல்லிக்கொடுக்கிறவனைத் தேர்ந்தெடுப்பது யார், எதற்காகத் தேர்ந்தெடுக்கிறார் என்பதைப் பொறுத்து அவன் தோழனாகவும் இருப்பான், கங்காணியாகவும் இருப்பான்.

பெல்லே இதற்கு உதாரணம். இங்கிலாந்தில் அவருக்குப் போட்டியாக ஜோசப் லங்காஸ்டர் இதே முறையில் பள்ளிகள் நடத்தி, ஒரு ஆசிரியர் ஆயிரம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்று விளம்பரம் செய்தார். ஆலைத் தொழிலாளர் பிள்ளைகளை மலிவாக அடக்கிவைக்க முதலாளிகளுக்கும் திருச்சபைக்கும் இது தோதாக இருந்தது. ஏழைப் பிள்ளைகளுக்கு எழுதவும் கணக்குப் போடவும் எல்லாருக்கும் கற்றுத்தர வேண்டியதில்லை, அன்றாடம் உழைக்கப் பிறந்தவர்களை அவர்கள் நிலைக்கு மேலே தூக்கிவிடும் ஆபத்து அதில் உண்டு என்று பெல் எழுதியிருக்கிறார். மணலை நம் மண்ணிலிருந்து எடுத்துப் போனவர், கூடவே வருணத்தையும் எடுத்துப் போனாரோ என்று தோன்றுகிறது. அப்படிச் சொல்வது மிகை. அதற்கு அவர் சென்னைக்கு வரவேண்டிய அவசியமில்லை, அவர்கள் ஊரிலேயே அது வேறு பெயரில் இருந்தது.

ஆனால் முறை என்பது கைமாறிப் போகும். அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் அடிமைகளின் பிள்ளைகளுக்காகவும் விடுதலை பெற்ற கறுப்பர்களின் பிள்ளைகளுக்காகவும் 1787-இல் தொடங்கிய ஆப்பிரிக்க இலவசப் பள்ளி, 1809-இல் லங்காஸ்டர் முறைக்கு மாறியது. கறுப்புப் பிள்ளைகள் கறுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அங்கே படித்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் மெக்கியூன் ஸ்மித், அடிமைத் தாய்க்குப் பிறந்தவர். கொலம்பியாக் கல்லூரி அவரைக் கறுப்பர் என்று சேர்க்கவில்லை. கடல் தாண்டி கிளாஸ்கோவுக்குப் போய் 1837-இல் மருத்துவப் பட்டம் வாங்கினார். முறையான மருத்துவப் பட்டம் பெற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் அவர்தான். அவரை உள்ளே விடாத அதே கொலம்பியாவுக்கு 1913-இல் அண்ணல் அம்பேத்கர் படிக்கப் போனார். இதையெல்லாம் ஒரே கோட்டில் இழுத்துப் பார்க்க வேண்டாம் என்று சிலர் சொல்லக்கூடும். நான் இழுத்துத்தான் பார்க்கிறேன்.

பல்கலைக்கழகத்துக்கு வருவோம். 1970-களின் நடுவில் கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரைஸ்மன் என்கிற ஆய்வு மாணவர் நுண்கணித வகுப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'கால்குலஸ்' என்று நாம் பயந்த அதே பாடம். அதில் தேறினால்தான் பொறியியல், மருத்துவம், அறிவியல் எதற்கும் மேலே போக முடியும். முதல் பருவக் கால்குலஸை முடித்த கறுப்பின மாணவர்களில் பத்துக்கு ஆறு பேர் கடைசித் தரமோ தோல்வியோதான் வாங்கிக்கொண்டிருந்தார்கள். சீன அமெரிக்க மாணவர்களோ மிக நன்றாகத் தேறிக்கொண்டிருந்தார்கள். ஏன் இப்படி என்று ஆசிரியர்களைக் கேட்டார் ட்ரைஸ்மன். நான்கு பதில்கள் வந்தன. கறுப்பு மாணவர்களுக்கு ஊக்கம் இல்லை. பள்ளியில் அடித்தளம் போதாது. வீட்டில் படிப்புக்கு ஆதரவு இல்லை. வறுமை.

இந்த நான்கு பதில்களையும் நாம் வேறு எங்கோ கேட்டதில்லையா? நம்ம ஊர் ஸ்டாஃப் ரூமில் டீ குடிக்கிற நேரத்தில் தினமும் பேசப்படுகிற பேச்சு இது. "அவனுக்கெல்லாம் இன்ட்ரஸ்ட்டே இல்ல சார். பேஸ் சரியில்ல. அப்பன் குடிகாரன்."

ட்ரைஸ்மன் செய்த வேலையில் எனக்குப் பிடித்தது அடுத்த கட்டம். அவர் ஆசிரியர்களை நம்பவில்லை. இருபது கறுப்பின மாணவர்களையும் இருபது சீன மாணவர்களையும் எடுத்துக்கொண்டு, பதினெட்டு மாத காலம் அவர்கள் தங்கும் இடத்துக்கே போய், அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்த்தார். நான்கு பதில்களும் பொய்த்துப்போயின. அந்தக் கறுப்பு மாணவர்கள் பலர் தங்கள் பள்ளியின் முதல் மாணவர்கள். பெற்றோர் பிள்ளை பிறந்த நாளிலிருந்தே கல்லூரிக் கனவோடு இருந்தவர்கள், சிலர் பள்ளியிலேயே வேலை செய்கிறவர்கள். நுழைவுத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கி வந்தவர்களே இங்கே வந்து சரிந்தார்கள். ஒரே ஒரு வேறுபாடுதான் பளிச்சென்று தெரிந்தது. இருபது பேரில் பதினெட்டுப் பேர் எப்போதும் தனியாகப் படித்தார்கள். கூட்டாளிகளோடு விளையாடுவார்கள், சாப்பிடுவார்கள், பாட்டுக் கேட்பார்கள். புத்தகத்தைத் திறந்தால் தனி ஆள்.

சீன மாணவர்களும் முதலில் தனியாகத்தான் படித்தார்கள், வாரத்துக்கு எட்டுப் பத்து மணி நேரம். பிறகு ஒன்றுகூடினார்கள். சாப்பிட்டுக்கொண்டே ஒருவர் போட்ட கணக்கை இன்னொருவர் பார்ப்பார். விடை வேறுபட்டால் சண்டை போடுவார்கள். ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுச் சோதிப்பார்கள். பழைய வினாத்தாள் யாரிடம் இருக்கிறது, எந்த ஆசிரியர் எப்படித் திருத்துவார், எந்த அலுவலகத்தில் எந்த விண்ணப்பம், எல்லாம் அந்த மேஜையில் கைமாறும். அதைவிட முக்கியமானது, தான் எங்கே நிற்கிறோம் என்பது ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. ஒரு கணக்கு யாருக்குமே வரவில்லை என்றால், அது தன் மண்டையின் குற்றம் அல்ல, கணக்குதான் கடினம் என்று தெரியும். தனியாகப் படிக்கிற கறுப்பு மாணவனுக்கு அது தெரியாது. ஒரு மணி நேரம் முட்டி மோதி வராமல் போனால், 'எனக்குத்தான் வரவில்லை, அவர்கள் சொல்வது சரிதானோ' என்கிற எண்ணம் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.

அந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். என் பதினொரு மதிப்பெண் ஞாபகம் வந்தது.

ஏன் தனியாகப் படித்தார்கள்? அவர்கள் படித்த பள்ளிகளில் கூட்டத்திலிருந்து விலகி நின்றுதான் முன்னேற முடிந்தது. தன் காலில் நிற்பதே அவர்களைப் பல்கலைக்கழகம்வரை கொண்டுவந்தது. கொண்டுவந்த அதே குணம் இங்கே காலை வாரிவிட்டது. பல்கலைக்கழகம் அவர்களுக்கு உதவி ஏதும் வைக்கவில்லையா என்றால், வைத்திருந்தது. பின்தங்கியவர்களுக்கான உதவி மையங்கள். ஆனால் இவர்கள் அங்கே போகவில்லை. 'நான் பின்தங்கியவன் இல்லையே, முதல் மாணவனாயிற்றே' என்கிற ரோஷம். அந்த ரோஷத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

1978-இல் ட்ரைஸ்மன் தொடங்கிய பயிலரங்கு இந்த ரோஷத்தைப் புரிந்துகொண்டு கட்டப்பட்டது. லியோன் ஹென்கின் போன்ற கணிதப் பேராசிரியர்கள் பின்னால் நின்றார்கள். அதை யாரும் குறை நிரப்பும் வகுப்பு என்று அழைக்கவில்லை. சிறந்த மாணவர்களுக்கான சிறப்புத் திட்டம் என்று அழைத்துத்தான் சேர்த்தார்கள். கொடுத்த கணக்குகளும் பாடப்புத்தகத்தைவிடக் கடினமானவை. ஐந்தாறு பேர் ஒரு மேஜை. முதலில் அவரவர் முயல வேண்டும், பிறகு ஒருவருக்கொருவர் விளக்க வேண்டும். பயிலரங்கை நடத்துகிற முதுநிலை மாணவர் விடை சொல்ல மாட்டார். சுற்றி வருவார், எங்கே மாட்டிக்கொண்டார்கள் என்று பார்ப்பார், ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விடுவார். சீன மாணவர்கள் தாமாக அமைத்துக்கொண்டதை இவர்கள் திட்டமிட்டு அமைத்தார்கள், அவ்வளவுதான். பயிலரங்குக்கு வந்த கறுப்பு மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்தது, படிப்பை விட்டுப் போகிறவர்கள் குறைந்தார்கள். 1988-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஆஸ்டின் நகரில் இதே முறை தொடங்கி, அங்கிருந்து பல இடங்களுக்குப் பரவியது. 1996-இல் கலிபோர்னியாவில் வாக்கெடுப்பு நடத்தி, அரசுக் கல்வி நிலையங்களில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று சட்டம் கொண்டுவந்தார்கள். தகுதி, திறமை என்று பேசுகிறவர்கள் எல்லா ஊரிலும் ஒரே பாஷைதான் பேசுகிறார்கள்.

இன்னொரு முறை 1973-இல் மிசோரிப் பல்கலைக்கழகத்தின் கன்சாஸ் சிட்டி வளாகத்தில் டியானா மார்ட்டின் தொடங்கியது. 'சப்ளிமென்டல் இன்ஸ்ட்ரக்ஷன்' என்று பெயர். மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல் படிப்புகளில் சிறுபான்மை மாணவர்கள் பாதியில் நின்றுபோவதைத் தடுக்கத்தான் இது வந்தது. இதன் சூட்சுமம் ஒரே ஒரு திருப்பம். ஆபத்தான மாணவன் என்று யாரையும் பிரிப்பதில்லை, ஆபத்தான பாடம் என்று பாடத்தைப் பிரிக்கிறார்கள். எந்தப் பாடத்தில் நூற்றுக்கு முப்பது பேருக்கு மேல் தோற்கிறார்களோ, விட்டு ஓடுகிறார்களோ, அந்தப் பாடத்தின் நெற்றியில் ஒட்டுகிறார்கள் சீட்டை. அந்தப் பாடத்தை முன்பே நன்றாகப் படித்துத் தேறிய ஒரு மாணவரைச் சம்பளம் கொடுத்து அமர்த்துகிறார்கள். அவர் மறுபடியும் வகுப்பில் வந்து உட்கார்ந்து எல்லாரோடும் குறிப்பு எடுக்க வேண்டும். வாரம் மூன்று முறை போல மாணவர்களைக் கூட்டி உட்காரவைக்க வேண்டும். யாரும் வரலாம், கட்டாயம் இல்லை. அவர் பாடம் நடத்தக் கூடாது என்பது கறாரான விதி. கேள்வி வந்தால் அதைக் கூட்டத்துக்கே திருப்பிவிட வேண்டும். நல்ல மதிப்பெண் வாங்குகிறவனும் வருகிறான், தட்டுத்தடுமாறுகிறவனும் வருகிறான். வாசலில் நிற்கிறவனைப் பார்த்து இவன் இன்னார் என்று யாரும் சொல்ல முடியாது. 1981-இல் அமெரிக்கக் கல்வித் துறை இதை முன்மாதிரி என்று ஏற்றது. இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் வேறு பெயரில் நடக்கிறது.

இப்போது நம் கதை. பல்கலைக்கழக மானியக் குழு எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கென்று ரெமிடியல் வகுப்புக்குப் பணம் கொடுத்தது. பணம் வந்தது உண்மை. அந்த வகுப்பு நடந்த விதத்தை அனுபவித்தவர்களைக் கேளுங்கள். நோட்டீஸ் போர்டில் பெயர்ப் பட்டியல் ஒட்டுவார்கள். பெயருக்குப் பக்கத்தில் சாதி எழுத வேண்டாம், பட்டியலே சாதிதான். சாயங்காலம் நாலரை மணிக்கு, பஸ் போகிற நேரத்தில் வகுப்பு. காலையில் புரியாமல் நடத்திய அதே ஆசிரியர் அதே பாடத்தை இன்னும் வேகமாக நடத்துவார். ரெமிடி என்றால் மருந்து. மருந்து கொடுக்கிறார்கள் என்றால் நோய் நம்மிடம் இருக்கிறது என்று முடிவாகிவிட்டது. நோய் பாடத்தில் இருக்கலாம், வாத்தியாரிடம் இருக்கலாம், வகுப்பறையின் சிரிப்பில் இருக்கலாம் என்று யாரும் ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை.

டெல்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில் தலித், பழங்குடி மாணவர்களின் நிலையை ஆராய எஸ்.கே. தோரட் தலைமையில் அமைக்கப்பட்ட குழு 2007-இல் அறிக்கை கொடுத்தது. ஆசிரியர்களின் ஆதரவு போதுமான அளவு கிடைக்கவில்லை என்று பெரும்பான்மை மாணவர்கள் சொன்னார்கள். விடுதியில் அவமானமும் தொந்தரவும் தாங்காமல் அறையை மாற்றிக்கொண்டு சில தளங்களுக்குள்ளேயே ஒதுங்க வேண்டியிருந்தது. நாட்டின் முதல் தர மருத்துவக் கல்லூரிக்குள் ஒரு சேரி. மாணவன் மாணவனிடம் கற்கிறான் என்பது உண்மையானால், எந்த மாணவன் பக்கத்தில் எந்த மாணவன் உட்கார மாட்டான் என்பதும் கல்வி பற்றிய கேள்விதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மேல்சாதி மாணவர்களுக்கு இந்த ஏற்பாடு எப்போதும் இருந்துவந்திருக்கிறது. அதற்குப் பெயர் மட்டும் கிடையாது. சாதிச் சங்கங்கள் நடத்திய மாணவர் விடுதிகள், அத்தை வீடு, மாமா வீடு, அண்ணனின் நோட்ஸ், பழைய வினாத்தாள், 'அந்த புரபசர் நம்மவர்தான், போய்ப் பாரு' என்கிற ஒரு வரி. என்னோடு படித்த ஒருவனிடம் அட்டை போட்ட நோட்டு ஒன்று இருந்தது. அவன் அண்ணன் எழுதியது, அண்ணனுக்கு அவர் சீனியர் கொடுத்தது. "ஒரு நாளைக்குக் குடுடா" என்றேன். "நாளைக்குத் தர்றேன்டா" என்றான். மூன்று வருஷமும் நாளைக்குத்தான். நிலம் மாதிரி அதுவும் பரம்பரைச் சொத்து. நிலத்துக்காவது உச்சவரம்புச் சட்டம் என்று ஒன்று போட்டார்கள்.

நம் முன்னோர்களுக்கு இது தெரியாமல் இல்லை. அம்பேத்கரின் பகிஷ்கரித் ஹிதகாரிணி சபா தொடங்கப்பட்ட மறு வருஷமே, 1925-இல், சோலாப்பூரில் மாணவர் விடுதி திறந்தது. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916-இல் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். விடுதி என்றால் சோறும் பாயும் என்று அரசாங்கம் நினைக்கிறது. தலைமுறையில் முதல் ஆளாகப் படிக்க வந்தவனுக்கு, தனக்கு முன்னால் அதே வழியில் நடந்து போன இன்னொருவனைக் காட்டுகிற இடம் அதுதான்.

என்னைக் காப்பாற்றியதும் ஆதிதிராவிடர் நல விடுதிதான். பருப்பில் புழு, குழாயில் தண்ணீர் இல்லை, எட்டுப் பேர் தங்கும் அறையில் பதினேழு பேர். ஆனால் அங்கே மூன்றாமாண்டு படித்த அண்ணன் ஒருவர் இருந்தார். செங்கல் சூளையில் வேலை செய்து படித்தவர். என் விடைத்தாளைப் பார்த்தவர் ஒன்றும் கேட்கவில்லை. ராத்திரி மொட்டை மாடிக்கு வரச் சொன்னார். தரையே பலகை, உடைந்த ஓட்டுச்சில்லுதான் சாக்பீஸ்.

"சைன் எக்ஸ் ஸ்கொயர். இத டிஃபரன்ஷியேட் பண்ணு."

"தெரியலண்ணா."

"வெங்காயம் உரிச்சிருக்கியா? மொதல்ல வெளித்தோல உரி. சைன உரிச்சா காஸ். உள்ள இருக்கிறத அப்படியே வையி. அப்புறம் உள்தோல உரி. எக்ஸ் ஸ்கொயர உரிச்சா டூ எக்ஸ். உரிச்சத ரெண்டையும் பெருக்கு. அவ்ளோதான்."

புரிந்துவிட்டது போல இருந்தது. அவர் விடவில்லை. ஓட்டுச்சில்லை என் கையில் கொடுத்து, "இப்ப நீ எனக்குச் சொல்லு, எனக்குத் தெரியாதுன்னு வச்சிக்க" என்றார். சொல்லும்போதுதான் எனக்கு எங்கே புரியவில்லை என்பதே புரிந்தது. உள்ளே இருப்பதை ஏன் அப்படியே வைக்க வேண்டும் என்று அவர் கேட்டார். பதில் இல்லை. அன்று இரவு பன்னிரண்டு மணிவரை அதே ஒரு கணக்கு.

சொல்லிக்கொடுக்கும்போதுதான் கற்கிறோம் என்று ரோமாபுரி அறிஞர் செனெகா இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே எழுதினார். இந்த முறையில் அதிகப் பலன் சொல்லிக்கொடுக்கிறவனுக்குத்தான் என்பதை இப்படி நடத்திப் பார்த்தவர்கள் எல்லாரும் கண்டிருக்கிறார்கள். இங்கேதான் அரசியல் இருக்கிறது. இன்று நம் பெரிய கல்வி நிலையங்களில் வழிகாட்டி மாணவர் என்று சிலரை நியமிக்கிறார்கள். வழிகாட்டுகிறவர் யார், வழி கேட்கிறவர் யார் என்று பட்டியலைப் பாருங்கள். எப்போதும் அவன் சொல்ல நாம் கேட்பது என்று அமைந்துவிட்டால், அதிகப் பலன் மறுபடியும் அவன் வீட்டுக்கே போகிறது. நன்றியுணர்ச்சி மட்டும் நமக்குச் சம்பளமில்லாத வேலையாக மிஞ்சும். தலித் மாணவன் கையில் சாக்பீஸ் வரவேண்டும், அவன் சொல்வதை மற்றவர்கள் குறிப்பெடுக்க வேண்டும். மணலில் எழுதுகிற விரல் நம்முடையதாக இருந்தால் மட்டும் போதாது, சொல்லித்தருகிற வாயும் நம்முடையதாக இருக்க வேண்டும். அது நடக்காத இடத்தில் இதற்குப் பெயர் தோழமை இல்லை, புதிய சட்டாம்பிள்ளைத்தனம்.

நம் பக்கத்துக் கோளாறையும் மறைக்க வேண்டியதில்லை. விடுதியில் எல்லாரும் அந்த அண்ணனைப் போல இல்லை. ஜூனியரைத் துணி துவைக்க வைத்த சீனியர்களும் இருந்தார்கள். ஒரே விடுதிக்குள் பறையர் வரிசை, அருந்ததியர் வரிசை என்று பாய் போட்டதையும் பார்த்திருக்கிறேன். பெண்கள் விடுதியில் மாலை ஆறு மணிக்குக் கதவைப் பூட்டிவிடுவார்கள், அவர்களுக்கு நூலகமும் கிடையாது, மொட்டை மாடியும் கிடையாது. என் தங்கைக்கு இப்படி ஒரு இரவு வாய்க்கவில்லை. அவள் இரண்டாம் ஆண்டில் நின்றுவிட்டாள். பருவத் தேர்வில் நான் வாங்கியது நாற்பத்து மூன்று. பாஸ்.

மறு வருஷம் மாடிக்கு ஏழெட்டுப் பேர் வந்தார்கள். அண்ணன் படிப்பு முடித்துப் போயிருந்தார். ஓட்டுச்சில்லு என் கையில் இருந்தது. மழைக்காலத்தில் மாடியில் உட்கார முடியாது, அறைகளில் பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு கரும்பலகை, பத்து மணிக்கு மேல் இரண்டு டியூப் லைட், இவ்வளவுதான் கேட்டோம். வார்டன் எழுதிக் கொடுக்கச் சொன்னார். முப்பத்தாறு பேர் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தோம். மேலே அனுப்பியிருக்கிறேன் என்றார். நான் படிப்பு முடித்து வெளியே வரும்வரை அது மேலேயே இருந்தது. போன வருஷம் அந்தப் பக்கம் போனபோது கூடத்துக்குள் எட்டிப் பார்த்தேன். டியூப் லைட் இரண்டும் இருந்தன. கரும்பலகை மாட்ட அடித்த ஆணி இருந்தது.